பழைய மிலிட்டரி லாரிக்கு மரப் பாடி: கடற்கரை ஊரில் முதன்முதலாகக் கட்டுபவர்களுக்கு

கடலூர், புதுச்சேரிப் பக்கம் நிற்கும் ஒரு பழைய மிலிட்டரி லாரியின் பின்பாடியைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மேலே பலகை கணீரென்று சத்தம் கொடுக்கும். அதைத் தாங்கும் கட்டை பொத்தென்று கேட்கும். மழைத் தண்ணீர் பலகையில் தங்குவதில்லை. இடுக்கு வழியே இறங்கி, மரமும் இரும்பும் ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறது. அழுகல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. பாடி கட்டும்போது வரும் சந்தேகங்களில் பாதிக்கு மேல் இரண்டே கேள்விகளில் அடங்கும்: தண்ணீர் எப்படி வெளியே போகும்? சேஸிஸ், அதாவது வண்டியின் இரும்பு அடிச்சட்டம், முறுக்கும்போது பாடி எப்படி அசைந்து கொடுக்கும்?

இரண்டாம் உலகப் போருக்காகக் கனடாவில் ஃபோர்டும் செவர்லேயும் ஒரே மாதிரி வடிவத்தில் கட்டிய சி.எம்.பி. லாரிகள், அமெரிக்காவின் ஜி.எம்.சி. இரண்டரை டன், பிரிட்டனின் பெட்ஃபோர்டு, பிறகு ஜபல்பூரில் ஜெர்மனியின் மான் நிறுவன உரிமத்தில் கட்டிய சக்திமான் என்று வண்டிகள் பலவகை. பாடி அளவும் வண்டிக்கு வண்டி மாறும். ஜி.எம்.சி.யில் இரும்பை மிச்சப்படுத்தப் போர் நடுவில் மரப் பாடிக்கு மாறினார்கள். அதனால் ஒரே மாடலில் இரும்புப் பாடியும் உண்டு, மரப் பாடியும் உண்டு. இங்கே உள்நீளம் 12 அடி, உள்அகலம் 6 அடி 8 அங்குலம் என்று ஒரு பாடியை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்கிறோம். உங்கள் வண்டியின் அளவைப் போட்டுக் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள்.

கழற்றும் முன்

அழுகிய பாடிதான் உங்களிடம் இருக்கும் ஒரே வரைபடம். அதை முதல் நாளே விறகாக்கிவிட்டுப் பிறகு தலையைச் சொறிகிறவர்கள் அதிகம். ஒவ்வொரு கட்டையையும் இருக்கும் இடத்திலேயே அளந்து, படம் எடுத்து, அலுமினியத் தகட்டில் எண் குத்தி ஆணியால் அடித்து வையுங்கள். சாக்பீஸ் எழுத்து ஒரு மழையில் போய்விடும்.

அளக்கும்போது எதை நம்புவது என்று தெரிந்திருக்க வேண்டும். மரம் நெடுக்கில் சுருங்குவதே இல்லை எனலாம், குறுக்கில்தான் சுருங்கும். ஆகவே பழைய பலகையின் நீளம் சரியான கணக்கு, அகலம் சரியான கணக்கு அல்ல. 5⅞ அங்குலம் என்று வந்தால் அது பிறந்தபோது 6 அங்குலமாக இருந்திருக்கும். பாடி தொய்ந்திருந்தால் அந்தத் தொய்வையும் சேர்த்து நகல் எடுத்துவிடாதீர்கள். கீல், கொண்டி, பிராக்கெட் இவற்றின் துளைகளுக்கு இடையே உள்ள தூரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரும்பு பொய் சொல்லாது.

பேட்டரியைக் கழற்றி, பெட்ரோல் டேங்க்கை இறக்கிய பிறகுதான் கிரைண்டரைக் கையில் எடுக்க வேண்டும். எண்பது வருஷத்துத் துருவில் நட்டு சுழலாது. மரம் எப்படியும் போகப்போவதால் நட்டை வெட்டுவதில் தப்பில்லை. ஆனால் கீல்கள், சங்கிலி, தார்ப்பாய் வளையம் நிற்கும் குழிகள், மூலைத் தகடுகள் எதையும் தூக்கிப் போடாதீர்கள். மரம் எந்த மரவாடியிலும் கிடைக்கும், அந்தக் கீல் கிடைக்காது.

துருவை எடுக்க ஆசிட் வேண்டாம். மடிப்புக்குள் நுழைந்த ஆசிட் முழுதாக வெளியே வராது, ஆறு மாதத்தில் பெயின்ட்டைத் தள்ளிக்கொண்டு துரு எட்டிப் பார்க்கும். பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர், லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர் போதும். மைனஸ் கம்பி சாமானுக்கு, பிளஸ் கம்பி ஒரு வேண்டாத இரும்புத் தகட்டுக்கு. ஓர் இரவில் துரு கறுத்துச் சேறுபோல உதிரும். தகடு எவர்சில்வராக இருக்கக் கூடாது, அதிலிருந்து நச்சுக் குரோமியம் கரையும். டிரம் திறந்த வெளியில் இருக்கட்டும், ஏனென்றால் வரும் குமிழியில் ஹைட்ரஜன் இருக்கிறது.

பாடி இறங்கியதும் சேஸிஸின் மேல்முகத்தைப் பாருங்கள். கட்டை படுத்திருந்த இடத்தில் அடுக்கடுக்காகத் துரு உரியும். ரிவெட்டுகளைச் சிறு சுத்தியலால் தட்டி, மறுபக்கம் விரலை வைத்து அசைவு தெரிகிறதா என்று பாருங்கள். இதைப் பார்க்கவும் பெயின்ட் அடிக்கவும் இன்னொரு சந்தர்ப்பம் கிடைக்காது.

மரம்

தரைக்கும் தாங்கு கட்டைகளுக்கும் வேங்கை, கருமருது, கோங்கு போன்ற கனத்த மரம். பக்கத்துக்கும் பின் கதவுக்கும் தேக்கு, அதற்குக் காசு போதாவிட்டால் நல்ல வேம்பு. பக்கங்களைக் கையால் இறக்கி ஏற்ற வேண்டியிருப்பதால் அங்கே கனத்த மரம் போட்டு இடுப்பை ஒடித்துக்கொள்ள வேண்டாம். எந்த மரமானாலும் வைரம் பாய்ந்த பகுதி மட்டும்தான். ஓரத்தில் வெள்ளை, அதாவது வைரம் பாயாத வெளிர்ப் பகுதி, விட்டிருந்தால் பூச்சி அங்கே நுழைந்துவிடும், பெயின்ட் அதைத் தடுக்காது.

புதுச்சேரியில் பழைய வீடு இடித்த மரம் விலைக்கு வரும். அதில் பர்மா தேக்கு உத்திரம் கிடைத்தால் நீளக்கட்டைக்கு அதைவிட நல்லது இல்லை, அது ஆடிக் காய்ந்து அடங்கிய மரம். அறுவைக்குக் கொடுக்கும் முன் காந்தம் வைத்து அங்குலம் அங்குலமாகத் தடவி ஆணி தேடுங்கள். வாள் உடைந்தால் சாமில்காரர் அந்தக் காசையும் உங்களிடம்தான் கேட்பார். எங்கே வாங்கினாலும் பில் கட்டாயம். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் எல்லை இருக்கிறது, தேக்கை ரசீது இல்லாமல் கொண்டுபோவது வம்பு.

உதாரணப் பாடிக்குக் கணக்கு இது. தரை 80 சதுர அடி, 1¼ அங்குலக் கனம்: 8.3 கன அடி. நீளக்கட்டை இரண்டு, 12½ அடி, 5×3 அங்குலம்: 2.6. குறுக்குக்கட்டை ஆறு, 7 அடி, 4×3: 3.5. தரையின் ஓரக்கட்டை இரண்டு, 3×2: 1. பக்கம் இரண்டும் முன் பலகையும் பின் கதவும், 20 அங்குல உயரம், 1 அங்குலக் கனம்: 5.2. உட்காரும் பெஞ்சுச் சட்டங்கள்: 1.5. ஆக 22 கன அடி. இழைப்பிலும் வெட்டிலும் கால்பங்கு போகும், 28 கன அடி வாங்குங்கள். முழுக்கக் கனத்த மரமாகவே போட்டால் இரும்பு இல்லாமலே அரை டன்னைத் தாண்டும். ஏற்றி இறக்கச் செயின் பிளாக் வேண்டும் என்பதை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

புதுசாக அறுத்த பலகையை அங்குலக் கனத்துக்கு ஏறத்தாழ ஒரு வருஷம் நிழலில், இடையிடையே சட்டம் கொடுத்து அடுக்கிக் காயவிட வேண்டும். நம் கடலோரக் காற்றில் மரம் கடைசியாக வந்து நிற்பது 14 முதல் 16 சதவீத ஈரத்தில். மீட்டர் இல்லையா? பலகையின் முனையிலிருந்து ஓர் அடி தள்ளி ஒரு துண்டு வெட்டி எடை போடுங்கள். நூறு டிகிரிக்குச் சற்று மேலே ஓவன் அடுப்பில் வைத்து, எடை இனிக் குறையாது என்னும்வரை காயவிட்டு மறுபடி போடுங்கள். 115 கிராம் 100 கிராமாக வந்தால் 15 சதவீதம். 20-க்கு மேல் என்றால் அந்த மரத்தைத் தொடாதீர்கள், பூஞ்சை பிடிக்கும் ஈரம் அது.

காலத்தையும் பார்க்க வேண்டும். மர வேலையைத் தையில் ஆரம்பித்து ஆனிக்குள் பெயின்ட் வரை முடித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது திறந்த கொட்டகையில் அடித்த பெயின்ட் கொப்பளிக்கும்.

சட்டம் கட்டுதல்

சேஸிஸ் மேல் நெடுக்கில் இரண்டு நீளக்கட்டை, அவற்றின் மேல் குறுக்காக ஆறு கட்டை. குறுக்குக்கட்டைகளின் இடைவெளி நடுவுக்கு நடு 28 அங்குலத்துக்குச் சற்று மேல் வரும். ஆனால் பிராக்கெட் இருக்கும் இடம்தான் கடைசித் தீர்ப்பு. இரண்டும் சேரும் இடத்தில் அரை அங்குலத்துக்கு மேல் குடையாதீர்கள். அழகாகப் பொருந்துகிறதே என்று பாதிக்குப் பாதி வெட்டினால் 5 அங்குலக் கட்டைக்கு அந்த இடத்தில் 2½ அங்குலப் பலம்தான் மிஞ்சும், முதல் பள்ளத்தில் அங்கேதான் பிளக்கும். இரண்டு கட்டையையும் பிடிக்கும் எல் வடிவ இரும்புத் துண்டும் (கிளீட்) ½ அங்குல போல்ட்டும் போதும்.

சேஸிஸின் ரிவெட் மண்டைகளுக்கு நீளக்கட்டையின் அடியில் குழி வெட்ட வேண்டும். சேஸிஸ் மேல் சாக்பீஸ் பொடி தேய்த்து, கட்டையை வைத்து அழுத்தி எடுத்தால் மண்டை படும் இடங்கள் வெள்ளையாகத் தெரியும். குழி மண்டையைவிட ஓர் அங்குலம் நீளமாக, ஒரு பக்கம் திறந்தபடி இருக்கட்டும். மூடிய குழி தண்ணீர்த் தொட்டியாகிவிடும். கட்டைக்கும் சேஸிஸுக்கும் நடுவில் கழித்த கன்வேயர் பெல்ட் துண்டு வைப்பவர்கள் உண்டு. வைக்கலாம், ஆனால் முழு நீளத்துக்கும் விரிக்காமல் ஆறு அங்குலத் துண்டுகளாக, நடுவே காற்றுப் போக இடம் விட்டு வையுங்கள். முழுசாக விரித்த ரப்பர் ஈரத்தை வருஷம் முழுக்கப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மூலைமட்டத்தை மட்டும் நம்பிச் சட்டத்தை இறுக்காதீர்கள். குறுக்குக்குக் குறுக்கு அளந்து பாருங்கள். உதாரண அளவுக்கு உள்மூலையிலிருந்து உள்மூலைக்கு 13 அடி 8¾ அங்குலம் வர வேண்டும், இரண்டு குறுக்கும் ⅛ அங்குலத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். இங்கே அரை அங்குலம் தப்பினால் பின் கதவு சேராது, அதற்காகக் கதவைச் செதுக்க ஆரம்பித்தால் முடிவே இருக்காது.

ஒவ்வொரு துளையும் போட்டவுடனே துளைக்குள்ளும் வெட்டுமுனையிலும் எண்ணெய். வெட்டுமுனை தண்ணீரை ஸ்ட்ரா போல உறிஞ்சும். பக்கவாட்டுக்கு ஒரு கை என்றால் முனைக்கு மூன்று கை கொடுங்கள். பெயின்ட் படும் இடத்துக்கு ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் சரிபாதி. துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், ஆளிவிதை எண்ணெய்த் துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் அமிழ்த்துங்கள்.

பண்ருட்டி முந்திரி ஊரில் இருந்துகொண்டு முந்திரிக்கொட்டை எண்ணெயைச் சொல்லாமல் விட முடியாது. படகுக்குப் பூசுவது லாரிக் கட்டைக்கும் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அது காய நாளாகும், அதன்மேல் பெயின்ட் நிற்காது. வெளியே தெரியாத அடிமுகத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கையுறை இல்லாமல் தொட்டால் தோல் வெந்து உரியும்.

தரை

பலகை நெடுக்கில் ஓடும். 6 அங்குலப் பலகை 13 போட்டு, நடுவே உள்ள 12 இடுக்குக்கும் ⅛ அங்குலம் விட்டால் 79½ அங்குலம். மீதி அரை அங்குலத்தை இரு ஓரத்துக்கும் கால் காலாகப் பிரித்துவிடுங்கள், தண்ணீர் இறங்கும் வழி அதுதான்.

இடுக்கு எதற்கு என்று ஆசாரிகளே சண்டைக்கு வருவார்கள், நெருக்கமாக அடித்தால்தானே அழகு என்பார்கள். ஆறு அங்குலப் பலகை 12 சதவீத ஈரத்திலிருந்து 17-க்குப் போனால் ஏறத்தாழ 2 மி.மீ. உப்பும். பதின்மூன்று பலகைக்கு ஓர் அங்குலம். சித்திரை வெயிலில் இடைவெளி இல்லாமல் அடித்த தரை கார்த்திகையில் அந்த ஓர் அங்குலத்துக்கு இடம் தேடும். ஒன்று நடுவில் கூடாரம் போல எழும்பும், இல்லை பக்கக் கட்டையை வெளியே தள்ளும். பலகை இன்னும் முழுசாகக் காயவில்லை என்று தெரிந்தால் மட்டும் இடுக்கைக் குறைத்து வையுங்கள், அது சுருங்கித் தானே இடம் விடும்.

இடுக்குகளின் மேல் இரும்புப் பட்டை ஓடும். பழைய பட்டை இருந்தால் அதுவே, இல்லையென்றால் 25×5 மி.மீ. பட்டை 44 மீட்டர், எடையும் கிட்டத்தட்ட 44 கிலோ. போல்ட்டைப் பலகையில் போடாமல் இடுக்கில் போடுவது நல்ல முறை. 12 பட்டை, ஆறு குறுக்குக்கட்டை, ஆக 72 போல்ட். இரு ஓரப் பலகைகளுக்கும் தனியாக 12. 5/16 அங்குலம், 6 அங்குல நீளம், தட்டை மண்டை, 90 வாங்கி வையுங்கள். துளை ⅜ அங்குலம், இரு பலகை விளிம்பிலும் பாதிப் பாதி விழும். இப்படிப் போட்டால் பட்டை பலகையை அமுக்கிப் பிடிக்குமே தவிர ஆணி அடித்ததுபோல் கட்டிப்போடாது. பலகை உப்பவும் சுருங்கவும் வழி இருக்கும். கீழே நட்டுக்கு அடியில் அகலமான வாஷர் கட்டாயம், இல்லாவிட்டால் நட்டு மரத்துக்குள் புதைந்துகொண்டே போகும்.

போல்ட் வாங்கும்போது பளபளப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். கடையில் மின்னும் துத்தநாகப் பூச்சு உப்புக் காற்றுக்கு ஒன்றிரண்டு மழைக்காலம் தாங்கினால் அதிகம். உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த, மங்கலான சாம்பல் நிறப் போல்ட் கேளுங்கள். நட்டும் அதே கடையில், அதே வகையில், ஏனென்றால் பூச்சின் கனத்துக்காக அந்த நட்டின் மறையை (திருகு வரியை) சற்றுப் பெரிதாக வெட்டியிருப்பார்கள். பழைய இரும்பில் இருக்கும் மறையோடு சேர்க்கும்போது இன்னொரு கண்ணி உண்டு. ½ அங்குலத்தில் பிரிட்டிஷ் மறை அங்குலத்துக்கு 12, அமெரிக்க மறை 13. கனடா, அமெரிக்க வண்டியில் பிரிட்டிஷ் நட்டைப் போட்டால் இரண்டு சுற்று நன்றாகப் போகும், பிறகு இறுகும். அதை இறுக்கம் என்று நினைத்து ஸ்பானரைத் தொங்கினால் மறை சிதைந்துவிடும்.

பக்கமும் கதவும்

பக்கத்துக்கு 6½ அங்குலப் பலகை மூன்று, இடையில் கால் அங்குலம் விட்டால் 20 அங்குல உயரம். தரைக்கும் பக்கத்தின் அடிவிளிம்புக்கும் நடுவில் அரை அங்குலம் விடுங்கள். பழைய கீல்களைப் போல்ட் செய்து இறுக்குவதற்கு முன், எல்லாக் கீலின் துளையிலும் ஒரே நேர்க் கம்பியை நுழைத்துவிட்டு அப்படியே இறுக்குங்கள். ஒவ்வொன்றாக இறுக்கினால் ஏதாவது ஒன்று கோணும், கதவு பாதியில் நிற்கும். தார்ப்பாய் வளையக் குழிகளின் அடியில் ஒரு 8 மி.மீ. துளை இருக்க வேண்டும், அடைந்திருந்தால் குத்தித் திறந்துவிடுங்கள். பெஞ்சுச் சட்டங்கள் எளிய வேலை, பழையதைப் பார்த்து வெட்டினால் போதும்.

சேஸிஸில் ஏற்றுதல்

மிலிட்டரி லாரி ரோட்டுக்காக மட்டும் கட்டியது அல்ல. பள்ளத்தில் இறங்கும்போது அதன் சேஸிஸ் துணி பிழிவதுபோல முறுக்கும், அப்படி முறுக்குவதற்காகவே வடிவமைத்தது. மரப் பாடியை எல்லா இடத்திலும் ஒரே இறுக்கமாகப் பிடித்தால் முறுக்கு முழுவதும் மூட்டுகளில் இறங்கும். அப்போது கிளீட் வெடிக்கும், அல்லது முன் குறுக்குக்கட்டை பிளக்கும்.

ஆகவே பின்பக்கம் இறுக்கம், முன்பக்கம் நெகிழ்வு. பின்னால் ஒரு ஜோடி யூ போல்ட்டை நன்றாக இறுக்குங்கள். நடுவில் ஒரு ஜோடி, அளவான இறுக்கம். கேபினுக்குப் பின்னால் உள்ள முன் ஜோடிக்கு நீளமான ½ அங்குல போல்ட், அதன் அடியில் கனமான ஸ்பிரிங். ஸ்பிரிங் மூன்றில் ஒரு பங்கு அமுங்கும்வரை நட்டை இறக்கி, மேல் இன்னொரு நட்டால் பூட்டுங்கள். யூ போல்ட் வரும் இடத்தில் சேஸிஸ் இரும்பின் பக்கவாட்டுப் பள்ளத்துக்குள் ஒரு தாங்கு துண்டு வைக்காவிட்டால் மேல், கீழ் விளிம்புகள் உள்ளே மடங்கும். சைலென்சர் பக்கத்தில் அந்தத் துண்டு மரமாக இருக்கக் கூடாது, இரும்புதான். பிரேக் பைப்பும் வயரும் யூ போல்ட்டுக்குள் சிக்கவில்லையே என்று விளக்கு வைத்துப் பாருங்கள்.

பிரேக் பிடிக்கும்போது பாடி முன்னால் வழுக்காமல் இருக்க நீளக்கட்டையில் ஒரு தடுப்புத் தகடு வேண்டும். அதற்குச் சேஸிஸில் ஏற்கெனவே உள்ள துளைகளைப் பயன்படுத்துங்கள். சேஸிஸின் மேல், கீழ் விளிம்பில் புதுத் துளை போடுவதோ வெல்டு வைப்பதோ கூடவே கூடாது, விரிசல் அங்கிருந்துதான் ஓடும். கேபினுக்கும் பாடிக்கும் 2 அங்குலமாவது இடம் இருக்கட்டும்.

ஏற்றி முடித்ததும் ஒரு முன்சக்கரத்தையும் அதற்கு எதிர்மூலைப் பின்சக்கரத்தையும் 6 அங்குலக் கட்டை மேல் ஏற்றி நிறுத்துங்கள். முன்பக்கம் நீளக்கட்டை சேஸிஸை விட்டு கால் அங்குலம், அரை அங்குலம் எழும்பும். பயப்படாதீர்கள், ஸ்பிரிங் அதற்குத்தான். டயர் எங்காவது மரத்தில் உரசுகிறதா, கேபினைப் பாடி முட்டுகிறதா என்று பாருங்கள். பின் கதவு அந்த நிலையிலும் திறந்து மூட வேண்டும்.

நிறமும் காகிதமும்

மர பிரைமர் ஒரு கை, எனாமல் இரண்டு கை, முனைகளுக்கு ஒன்று கூடுதல். இடுக்குகளைப் புட்டியால் அடைக்காதீர்கள். நிறத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். மத்திய மோட்டார் வாகன விதி 121-இன்படி ராணுவ வண்டி தவிர வேறு எதற்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது. ராணுவத்தில் ஓடிய வண்டியே ஆனாலும் இப்போது அது உங்கள் வண்டி. காக்கி, மணல் நிறம் போல வேறொன்றைத் தேர்ந்தெடுங்கள்.

50 ஆண்டு தாண்டிய வாகனங்களுக்கு 2021-இல் வந்த பழங்கால வாகனப் பதிவு இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்குத்தான். சேஸிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது, வாடகைக்கும் விடக் கூடாது. பழைய அளவிலேயே கட்டச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பழைய பாடியை எடுத்த படங்கள் ஆர்.டி.ஓ. ஆய்வின்போது கைகொடுக்கும், பத்திரமாக வையுங்கள். லாரிக்கு, அதிலும் பத்துச் சக்கர ஜி.எம்.சி.க்கு, இந்தப் பதிவு பொருந்துமா என்று மரம் வாங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நேரில் பேசிவிடுவது நல்லது.

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் ஒரு நடை போய்வந்ததும் எல்லா நட்டையும் மறுபடி இறுக்குங்கள், புது மரம் அதற்குள் அமுங்கியிருக்கும். ஸ்பிரிங் நட்டை மட்டும் தொடாதீர்கள், பூட்டு நட்டு விட்டிருக்கிறதா என்று பார்த்தால் போதும். முதல் பருவமழை முடிந்து தை பிறந்ததும் இன்னொரு முறை எல்லாவற்றையும் பாருங்கள். அன்றைக்கே ஒரு பழைய ஹாக்ஸா பிளேடை எடுத்துப் பலகை இடுக்குகளில் அடைந்திருக்கும் மணலைக் கீறி எடுத்துவிட்டு, ஒரு குடம் தண்ணீர் ஊற்றி எந்த ஓரத்தில் தேங்குகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.